கற்பூரம் அடித்த கவுன்சிலர்

மாதங்கி தேர்தலில் நின்றதே தோற்பதற்குத்தான்.

ஆல்டர்டன் வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள். கட்சிக்கு நிறுத்த அகப்பட்டதோ இரண்டு பேர். மூன்றாவது இடத்தை வெறுமனே விட்டால் மானம் போய்விடும் என்று பெயருக்கு ஓர் ஆளைத் தேடித் திரிந்தவர்களின் கண்ணில், தோர்ண்டன் ஹீத் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் மாதங்கி பட்டாள். அந்தப் பக்கத்துத் தமிழ்ச்சனம் பாதிக்கு மேல் அவள் கையால்தான் மாத்திரை வாங்குகிறது. முகம் தெரியும், பெயர் தெரியும், ஒருவரோடும் பகை இல்லை. கட்சியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைக்கே வந்து, "இந்த வார்டில் நாங்கள் வென்றதே கிடையாது, நீங்களும் வெல்ல மாட்டீர்கள், பயப்படாதீர்கள்" என்று கையைப் பிடித்துச் சொன்னாள். ஒரு கட்சி தன் சொந்த வேட்பாளருக்குக் கொடுக்கிற உத்தரவாதத்தைப் பாருங்கள். மாதங்கிக்கு யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல வராது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். தலையாட்டிவிட்டாள்.

அவளுடைய கணவன் சற்குணத்துக்குச் சந்தோஷப் புளுகம் தாங்க முடியவில்லை. பார்சல் டிப்போவில் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றபடியே சொன்னான்.

"சும்மா பேருக்குத்தானே, நில்லும். நாளைக்கு ஆரும் கேட்டால், என்ர மனிசி எலெக்‌ஷன் கேட்டவ எண்டு சொல்லலாம்."

விஷயம் அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. ஆனால் கலைமகள் தமிழ்ச் சங்கத்தின் காதில் செய்தி விழுந்துவிட்டது.

சங்கத்துக்கு அப்போது தலை போகிற அவசரம். அவர்களுடைய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒரு சர்ச் மண்டபத்தில் வாடகைக்கு நடந்துகொண்டிருந்தது. சர்ச்காரர் அதை விற்கப் போகிறோம், செப்டம்பரோடு வெளியேறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சங்கம் ஓடித் திரிந்து, ஆல்டர்டன் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு கார்ப்பெட் குடோனைப் பிடித்திருந்தது. ஆனால் கார்ப்பெட் விற்ற கட்டடத்தில் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுப்பதற்குக் கவுன்சிலின் பிளானிங் கமிட்டி அனுமதி தரவேண்டும். அங்கே இருக்கிற கவுன்சிலர்கள் கையைத் தூக்கினால் மண்டபம். தூக்காவிட்டால் செப்டம்பரில் அத்தனை பிள்ளைகளும் தெருவில். மாதங்கி சங்கத்தில் அங்கத்தவர்கூட இல்லை. அவளுடைய ஒரே மகள் கோசிகா வளர்ந்து, கல்யாணம் முடித்து, செவன் கிங்ஸில் நாலு மாத வயிற்றோடு இருந்தாள். என்றாலும் சங்கம் கூப்பிட்டால் போகாமல் இருக்கலாமா?

ஒரு சனிக்கிழமை வகுப்புகள் முடிந்த பிறகு சர்ச் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சர்ச்சின் பியானோவுக்கு மேலே பிள்ளையார் படம். அதற்கு முன்னால் தட்டில் கற்பூரம். கூரையிலிருந்த புகை அலாரத்தை யாரோ ஏணி வைத்து ஏறி, கடைப் பையால் கட்டி வைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் இராசரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒருமுறை சூடு கண்டவர்.

"தங்கச்சி, குறை நினைக்கக் கூடாது. போன முறை நாங்கள் வோட்டுப் போட்டு அனுப்பின ஆள் பொன்னாடையோட போனவர் போனவர்தான். பிறகு போன் எடுத்தால் மெசின்தான் கதைக்கும். அதால இந்த முறை வாய்ப்பேச்சு வேண்டாம் எண்டு கொமிட்டி முடிவெடுத்திருக்கு. கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணும்."

மாதங்கி தட்டைப் பார்த்தாள். கற்பூரத்தில் அடித்த சத்தியம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அதை மீறினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சின்ன வயதில் கேட்ட கதைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் முன்னால் முழுச் சனமும் இருக்கிறது, சற்குணம் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறான், தட்டில் நெருப்பு எரிகிறது. எப்படியும் வெல்லப் போவதில்லை, தோற்கிறவள் செய்கிற சத்தியம் யாரை என்ன செய்யும் என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள்.

"நான் வெண்டால் எங்கட மண்டபத்துக்கு ஆதரவா வோட்டுப் போடுவன். இது சத்தியம்," என்று உள்ளங்கையால் சுடரில் அடித்து அணைத்தாள். கை சுட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கல்யாண வீட்டு வீடியோ எடுக்கும் றூபன் அதை முதலிலிருந்து கடைசிவரை பிடித்து, நாதஸ்வரம் சேர்த்து, பேஸ்புக்கில் ஏற்றினான். அதோடு விட்டானா? இங்கத்தைப் பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும் என்று கீழே இங்கிலீஷில் எழுத்தும் ஓடவிட்டான். சனம் போட்டி போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பியது.

மே மாதத் தேர்தலில் காற்று எங்கிருந்து அடித்ததோ தெரியாது. நாடு முழுக்க ஆளும் கட்சி மேல் கோபம் என்றார்கள், குப்பைத் தொட்டி எடுப்பதைக் குழப்பியதற்குப் பழிவாங்கல் என்றார்கள். எண்ணி முடிந்து ஸ்போர்ட்ஸ் சென்ரர் மேடையில் பெயர் வாசித்தபோது, ஆல்டர்டன் வார்டின் மூன்றாவது கவுன்சிலர் மாதங்கி சற்குணம். கட்சிக்காரப் பெண் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். மாதங்கி அவளுடைய தோளுக்கு மேலால் பச்சை 'எக்ஸிட்' விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது, சந்தோஷம் துளிகூட இல்லை.

கவுன்சிலர் என்றால் என்ன வேலை என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லா வேலையும்தான். குப்பைத் தொட்டி எடுக்கவில்லை, நரி குப்பையைக் கிளறுகிறது, சுவரில் ஈரம் பூத்திருக்கிறது, பக்கத்து வீட்டு மரம் எங்கள் பக்கம் சரிகிறது. ஒருவர் பாஸ்போர்ட்டுக்குப் போன் எடுத்தார். அது கவுன்சிலின் வேலையில்லை என்றால், உங்களுக்கு வோட்டுப் போட்டனாங்கள்தானே என்றார். ஒரு மாமியார், தன் மருமகளோடு கவுன்சில் ஒருக்கால் கதைக்க வேண்டும் என்று கேட்டாள். மருந்துக்கடைக் கவுண்டரில் மருந்துச் சீட்டை நீட்டுகிறவர்கள் அப்படியே வீதிக் குழியையும் நீட்டினார்கள். விட்டுவிடலாமா என்று கட்சியில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். விட்டால் இடைத்தேர்தல் வரும், வந்தால் தோற்போம், நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருங்கள் என்று, வெல்லவே மாட்டாய் என்று சொன்ன அதே பெண் சொன்னாள்.

எந்தக் கமிட்டியில் இருக்க விருப்பம் என்று கேட்டபோது, இராசரத்தினம் போனிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டார். "பிளானிங்கைக் கேளும் தங்கச்சி. வேற ஒண்டுக்கும் நாங்கள் உம்மை அனுப்பேல்லை." கேட்டாள். கொடுத்தார்கள், ஏனென்றால் அந்த வேலைக்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

புதியவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. எடுத்தவள் கரோலின் என்ற சட்ட அதிகாரி. மெலிந்த, மரியாதையான பெண். பிளானிங் கமிட்டியில் இருப்பவர் நீதிபதி மாதிரி என்றாள். கட்சி சொன்னதற்காகக் கை தூக்கக் கூடாது. கூட்டத்தில் எல்லாரும் சொல்வதைக் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு ஆதரவு தருவேன் என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டவர் அதில் வோட்டுப் போடக் கூடாது. போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய் அந்த அனுமதியையே உடைத்துவிடலாம். அதைக் கேட்ட இடத்திலேயே மாதங்கி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆதரவாக வோட்டுப் போடுவேன் என்று சத்தியம் பண்ணாமல் இருந்திருந்தால் போடலாம். பண்ணினபடியால் போட முடியாது. எழும்பிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். எல்லாரும் தேநீருக்கு எழும்பினார்கள், அவளும் எழும்பிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் றூபனுக்குப் போன் போட்டு அந்த வீடியோவைப் பேஸ்புக்கிலிருந்து எடுக்கச் சொன்னாள். "எடுத்துப்போட்டன் அக்கா, யோசியாதேங்கோ," என்றான். எடுத்தான்தான், ஓரிடத்தில். ஏற்றியதோ மூன்று இடத்தில்.

ஜூலையில் மண்டபம் கமிட்டிக்கு வந்தது. கூட்டத்தன்று பின்னேரம் கரோலின் அவளைச் சின்ன அறை ஒன்றுக்குக் கூப்பிட்டு, போனை மேசையில் வைத்தாள். ஆல்டர்டன் ரோட் குடியிருப்பாளர்கள் மத்தியானம் அனுப்பியது என்றாள். நாதஸ்வரம் ஒலித்தது. மாதங்கி தன் கை சுடரில் அடிப்பதையும், கீழே றூபனின் இங்கிலீஷ் பிழையில்லாமல் ஓடுவதையும் பார்த்தாள். இதற்கு முன் அவனுடைய இங்கிலீஷில் பிழையில்லாத வசனத்தை அவள் கண்டதே இல்லை.

கரோலின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இரண்டு வழி இருக்கிறது," என்றாள். "நீங்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், கமிட்டியிலிருந்து எழும்பி, வார்ட் கவுன்சிலராக மூன்று நிமிஷம் பேசிவிட்டு வெளியே போகலாம். உங்களுக்குப் பதிலாக வேறு ஆளைக் கமிட்டிக்கு அனுப்ப நேரம் கடந்துவிட்டது. அல்லது, முன்பு ஏதோ சொன்னீர்கள் என்பதற்காகவே உங்கள் மனம் மூடிவிட்டது என்று சட்டம் முடிவுகட்டாது. இந்தச் சடங்கு உங்களைக் கட்டுப்படுத்தாது, திறந்த மனத்தோடு எல்லாரையும் கேட்கிறேன் என்று நீங்கள் உண்மையாகச் சொல்ல முடிந்தால், கூட்டம் தொடங்கும்போது அதைச் சொல்லிவிட்டு உள்ளேயே இருக்கலாம். அது உண்மையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்."

வெளியே தாழ்வாரத்தில் சங்கமே வந்து நின்றது. கை எண்ணுகிற கணக்கைச் சற்குணம் ஏற்கெனவே முடித்திருந்தான். கமிட்டியில் பதினொரு பேர். அவள் எழும்பிப் போனால் ஐந்துக்கு ஐந்து. சமமாக வந்தால் தீர்ப்பு சேர்மனின் கையில். சேர்மனுக்கோ பார்க்கிங் நெரிசல் என்றாலே ஆகாது. மாதங்கி விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் இராசரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அது சும்மா ஒரு சம்பிரதாயம் எண்டு சொல்லும் தங்கச்சி. ஒரு கருத்தும் இல்லை எண்டு சொல்லும். இங்கிலீஷிலதானே சொல்லப் போறீர்."

பிள்ளையாருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் அவருக்குச் சொன்னார்களோ.

"அண்ணை, கற்பூரம் அடிச்சதை இல்லையெண்டு எப்பிடி நான் சொல்றது? கோசிகா இப்ப இருக்கிற நிலைமையில?"

"சத்தியத்தைக் காப்பாத்தத்தானே அம்மா சொல்றீர்," என்றார் அவர். சற்குணம் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், "எப்பிடியெண்டாலும் உள்ளுக்கு இரும்," என்றான்.

சத்தியத்தைக் காக்க வேண்டுமென்றால் சத்தியமே இல்லை என்று சொல்ல வேண்டும். சத்தியம் உண்டு என்று சொன்னால் அதைக் காக்க முடியாமல் போகும். மாதங்கி கழுவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அங்கேயிருந்து ஜன்னலால் ஏறிக் குதித்துப் போகிற வயதும் இல்லை, ஜன்னலும் இல்லை.

ஏழு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சங்கத்துச் சனம், சாறியும் கோட்டுமாக. இந்தப் பக்கம் ஆல்டர்டன் ரோட்டுக்காரர் சிலர். எல்லாரையும் கமெரா பார்த்துக்கொண்டிருந்தது; இணையத்தில் நேரடியாகப் போகிறது என்று சேர்மன் சொன்னார். யாருக்காவது அறிவிக்க வேண்டியது ஏதும் உண்டா என்று கேட்டார். மாதங்கி மைக் பொத்தானை அமத்தினாள். சிவப்பு வெளிச்சம் வந்தது.

"தேர்தலுக்கு முன் நான் கலந்துகொண்ட ஒரு நிகழ்ச்சியின் வீடியோ உங்களில் சிலருக்கு வந்திருக்கும். அது எங்கள் பண்பாட்டில் ஒரு சடங்கு மட்டும்தான். அதற்கு என்னைக் கட்டுப்படுத்துகிற பொருள் எதுவும் இல்லை. நான் திறந்த மனத்தோடு இந்த விண்ணப்பத்தைக் கேட்கிறேன்."

தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. சனத்தின் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா விபூதிப் பையை மடியிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள்ளே வைத்துக்கொண்டார். மாதங்கிக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் அதிகாரி வரைபடம் காட்டினார். சங்கத்தின் பக்கமிருந்து இராசரத்தினம் எழுதி வைத்ததை வாசித்தார். எதிர்ப்பு என்று ஆல்டர்டன் ரோட்டுக் கிழவர் ஒருவர் கார்களைப் பற்றிப் பேசினார். அடுத்ததாகச் சேர்மன் அழைத்த பெயர் மெற்றில்டா.

மாதங்கி நிமிர்ந்து பார்த்தாள். மெற்றில்டா அக்காவை அவளுக்கு நன்றாகத் தெரியும். குருநகர்க் கத்தோலிக்கப் பெண், ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் நேர்ஸ். அவருடைய கணவர் பாரிசவாதம் வந்து படுக்கையில். மாதாமாதம் அவருக்கான மாத்திரைகளை மாதங்கிதான் பையில் போட்டுக் கொடுப்பாள். குடோனுக்குப் பின்னால், ஒழுங்கை என்கிற குறுகிய சந்துப் பக்கம், கீழ்த் தட்டு வீடு. எதிர்த்துப் பேச வருகிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

மெற்றில்டா யூனிபோர்மோடு வந்திருந்தார், கூட்டம் முடிந்து அப்படியே வேலைக்குப் போவதற்காக. மைக்கைச் சரிசெய்துவிட்டு, மாதங்கியை நேராகப் பார்த்தார்.

"நான் தமிழ்ச்சனத்துக்கு எதிரான ஆள் இல்லை," என்று நிதானமான இங்கிலீஷில் தொடங்கினார். "கவுன்சிலர் திறந்த மனத்தோடு கேட்கிறேன் என்று சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி. ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். பகலில்தான் நான் தூங்குவேன். என் கணவரின் கட்டில் ஒழுங்கைப் பக்கத்து ஜன்னலோடு இருக்கிறது..."

இதைக் கேட்டால் நான் தொலைந்தேன் என்று மாதங்கி நினைத்தாள். கேட்டால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் கை எழும்பாது, கை எழும்பாவிட்டால் கற்பூரம் என் பிள்ளையின் வயிற்றில் போய் நிற்கும். அவள் காதை அடைத்தாள். விரலால் அல்ல; கமெரா பார்க்கிறது. மருந்துக்கடையின் தட்டுகளை மனதுக்குள் வரிசையாக எடுத்தாள். அமொக்சிசிலின். அம்லோடிபின். அஸ்பிரின். அட்டோவாஸ்ராற்றின். ஒவ்வொரு பெட்டியின் நிறத்தையும் மூலையையும் வலிந்து நினைத்தாள். பிசோபுரோலோல். செற்றிரிசின். மெற்றில்டாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கையால் எதையோ இங்கிருந்து அங்கே என்று காட்டினார். சங்கத்தின் கட்டடக்கலைஞர் தலையை ஆட்டினார். கரோலின் குனிந்து சேர்மனிடம் ஏதோ சொன்னாள். மாதங்கி கண்ணை எடுக்காமல், முகத்தைக் கேட்கிற முகமாக வைத்துக்கொண்டு, தட்டில் அடுத்த பெட்டிக்குப் போனாள். குளோபிடோக்றெல். அது மெற்றில்டாவின் கணவருக்குக் கொடுக்கிற மாத்திரை. அதைத் தாண்டி அவசரமாக அடுத்ததற்கு ஓடினாள்.

நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மெற்றில்டா நன்றி சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

உறுப்பினர்கள் பேசினார்கள். ஆதரவானவர்கள் பிள்ளைகளைப் பற்றி, எதிரானவர்கள் பார்க்கிங்கைப் பற்றி. கேள்வி ஏதும் உண்டா, நிபந்தனை ஏதும் சேர்க்க வேண்டுமா என்று சேர்மன் இரண்டு தரம் கேட்டார். மாதங்கி வாய் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று அவளுக்கே தெரியாது. ஆதரவானோர் என்றதும் கையைத் தூக்கினாள். கற்பூரம் அடித்த கை. ஆறுக்கு ஐந்து.

சனம் எழும்பிக் கை தட்டியது. சேர்மன் அமைதி அமைதி என்றார்.

தாழ்வாரத்தில் அவளைச் சுற்றி வந்து நிற்பார்கள் என்று நினைத்தாள். இராசரத்தினத்தைச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கு ஆள் கைகொடுத்தார்கள், றூபன் படம் எடுத்தான். மாதங்கி கிட்டப் போனபோது பேச்சு குறைந்தது. இரண்டு பெண்கள் கோட்டுப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்கள். இராசரத்தினம் அவளை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"பெரிய உதவி தங்கச்சி. மறக்க மாட்டம். ஆனால்... திறப்பு விழாவுக்கு உம்மைக்கொண்டு குத்துவிளக்கு ஏத்துவிக்கிறதெண்டு இருந்தனாங்கள். இப்ப சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. கற்பூரத்தை ஒண்டுமில்லை எண்டு சொன்ன வாயெண்டு. வேற ஆளைப் பாப்பம், என்ன?"

"நீங்கள்தானே அண்ணை சொல்லச் சொன்னது."

"சொல்லச் சொன்னனான்தான். அதுக்கு நீர் அப்பிடி அடிச்சுச் சொல்லுவீர் எண்டு நான் நினைக்கேல்லை."

அவர் உண்மையாகவே மனம் வருந்தித்தான் சொன்னார், அதுதான் கொடுமை. சற்குணம், தான் ஆட்களோடு சாப்பிட்டுவிட்டு வருகிறேன், நீர் பஸ்ஸில் போம் என்றான்.

ஜூலை வெயில் இன்னும் மிச்சமிருந்தது. பஸ்ஸின் மேல் தட்டுக்கு ஏற மனமில்லாமல் கீழேயே இருந்தாள். கதவு மூடுகிற நேரம் ஓடிவந்து ஏறியவர் மெற்றில்டா. வேறு இருக்கைகளும் இருந்தன. நேராக வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். மாதங்கி ஜன்னலோடு ஒடுங்கினாள். திட்டப் போகிறார், திட்டட்டும், திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தாள்.

"பயப்பிடாதையும், நான் கோவிக்கேல்லை," என்றார் மெற்றில்டா. "சரியான கவலைதான். வாசலில நிண்டு ஒரு பாட்டம் அழுதும்போட்டன். ஆனால் உம்மில எனக்குக் கோவமில்லை."

மாதங்கி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கதவை மட்டும் முன்பக்க ரோட்டுக்கு மாத்தினால் காணும் எண்டுதானே கேட்டனான். மண்டபம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லையே. கார்ப்பெட் இறக்கின ஒழுங்கைக் கதவாலதான் சனம் வந்து போகப் போகுது, அது அவற்ற தலைமாட்டில. முன்னால கதவு வைக்க ஏலும் எண்டு அந்த ஆர்க்கிடெக்ட் பொடியனே தலையாட்டினவன், நீரும் கண்டனீர்தானே. ஆரும் ஒராள் நிபந்தனை எண்டு சொன்னால் போட்டுத் தரலாம் எண்டு அந்தச் சட்டக்காரப் பிள்ளையும் சொன்னவ. ஒருத்தரும் கேக்கேல்லை. நீர் கேட்பீர் எண்டு நான் உம்மையே பாத்துக்கொண்டு இருந்தனான்."

கதவு. ஒரு கதவு. மாதங்கி முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தாள். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். கதவை மாற்றினால் என் ஆதரவு என்று சொல்லியிருந்தால் சங்கமும் தலையாட்டியிருக்கும், சேர்மன்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். மண்டபமும் வந்திருக்கும், சத்தியமும் நின்றிருக்கும், இந்த மனிசியின் புருஷன் தன் பாட்டில் படுத்திருப்பான். அந்த நேரம் அவள் செற்றிரிசின் பெட்டியின் நிறத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பிறகு யோசிச்சுப் பாத்தன்," என்று மெற்றில்டா பையிலிருந்து வேலை அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சொன்னார். "நான் வேதக்காரி எண்டாலும் கற்பூரம் அடிக்கிறதெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். உங்கட ஆக்கள் உயிர் போனாலும் அதை இல்லையெண்டு சொல்ல மாட்டினம். நீர் அத்தினை சனத்துக்கு முன்னால அதையே தூக்கி வைச்சிட்டு, திறந்த மனத்தோட கேக்கிறன் எண்டு சொன்னீர். அப்பிடிச் சொன்ன பிள்ளை பொய்யுக்கு இருந்திருக்காது. நான் சொன்னதைக் கேட்டு, நிறுத்துப் பாத்து, சரிவராது எண்டுதான் விட்டிருப்பீர். அந்த அளவுக்காவது ஒராள் எங்களைக் கேட்டுதே எண்டு, அவருக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன்."

பஸ் ஆஸ்பத்திரித் தரிப்பை நெருங்கியது. மெற்றில்டா மணியை அமத்திவிட்டு, எழும்பாமல் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்கிற பார்வை அல்ல. ஆனாலும் ஒரு பதிலுக்காக நின்றது.

இல்லை அக்கா, நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கே அனுமதி உடையும். பிள்ளைகள் தெருவுக்கு வரும், கமெராவுக்கு முன் சொன்னது பொய்யாகும், கற்பூரத்தில் அடித்ததும் வீணாகும். இந்த உலகத்தில் ஒருவரிடமும், கட்டிய புருஷனிடம்கூட, அவள் இனி அதைச் சொல்ல முடியாது. பஸ் நின்றது. கதவு திறந்தது.

"கேட்டனீர்தானே, பிள்ளை?"

"ஓம் அக்கா," என்றாள் மாதங்கி. "வடிவாக் கேட்டனான்."